உங்கள் மெயிலில் யார் கையெழுத்து? சொந்த டொமைன்காரர்களுக்கு டிகேஐஎம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, அதன் மெயிலை கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ மைக்ரோசாஃப்ட் 365-இலோ, இணையதளத்தோடு சேர்ந்து வந்த ஹோஸ்டிங்கிலோ வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. சிறு நிறுவனங்களுக்கு மெயில் அமைத்துக் கொடுப்பது என் வேலை. கீழே இருப்பவை ஃபோனில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள், சில ஒரே வாரத்தில் மூன்று தடவை. உதாரணத்துக்கு எங்கும் எக்ஸாம்பிள்.காம் என்றே போட்டிருக்கிறேன். ஹெடர் வரிகளும் ரெக்கார்டு பெயர்களும் உங்கள் திரையில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.

டிகேஐஎம் என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகியபோது இடது பக்கம் 'அனுப்புநர்' என்று போட்டு அதன் கீழே பெயரை எழுதினோம். அங்கே யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கப்போவதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான் பிறந்தது. 'ஃப்ரம்' வரியில் எந்த முகவரியை வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். உங்கள் வாடிக்கையாளருக்கு, உங்கள் கடை முகவரியிலிருந்தே வந்ததுபோல், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்' என்று எவனோ ஒருவன் எழுத முடிவது இதனால்தான்.

டிகேஐஎம் என்பது மெயிலின்மேல் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து. மெயில் வெளியே கிளம்பும்போது அதன் உள்ளடக்கத்தையும் முக்கியமான ஹெடர்களையும் (அனுப்புநர், தலைப்பு, தேதி போன்ற மேல்வரிகள்) கணக்கில் எடுத்து, ரகசியச் சாவியால் சர்வர் கையெழுத்திடுகிறது. அந்தச் சாவி சர்வரை விட்டு வெளியே வராது. அதற்கு இணையான பொதுச்சாவி உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைனைப் பற்றிய தகவல்களை 'ரெக்கார்டு' என்ற வரிகளாக வைத்திருக்கும் பொதுப் பதிவேடு), யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். மெயிலைப் பெறும் சர்வர் அதை எடுத்துவந்து ஒப்பிடும். பொருந்தினால், இந்த டொமைன் இந்த மெயிலுக்குப் பொறுப்பேற்றிருக்கிறது, கையெழுத்தில் அடங்கிய பகுதியை அதன் பிறகு யாரும் திருத்தவில்லை என்று அர்த்தம்.

யாஹூவின் டொமைன்கீஸும் சிஸ்கோ செய்துவைத்திருந்த இன்னொரு முறையும் சேர்ந்து உருவானது இது. 2007-இல் ஆர்எஃப்சி 4871 ஆக வந்தது (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் விதிமுறை ஆவணம்). இப்போது எல்லோரும் பின்பற்றுவது 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6376.

அப்படியானால் மெயிலை வேறு யாரும் படிக்க முடியாதா?

படிக்கலாம். இது பூட்டு இல்லை, கையெழுத்து மட்டும்.

என் மெயில் கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ இருக்கிறது. அவர்களே கையெழுத்துப் போட்டுவிட மாட்டார்களா?

போடுவார்கள், அவர்கள் பெயரில். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

நீங்கள் எதுவும் செய்யாமல் விட்டாலும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்திடுகிறது. ஆனால் அதில் இருப்பது கேப்ஸ்எஸ்எம்டிபி.காம் என்று முடியும் கூகுளின் டொமைன். மைக்ரோசாஃப்டில் அது ஆன்மைக்ரோசாஃப்ட்.காம் என்று முடியும். சோதித்துப் பார்க்கிறவருக்கு டிகேஐஎம் 'பாஸ்' என்றே காட்டும், அவரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். உங்கள் லெட்டர்பேடில் எழுதிய கடிதத்துக்குக் கீழே கட்டட உரிமையாளர் கையெழுத்துப் போட்டிருப்பதுபோல இது. கையெழுத்து உண்மையானதுதான், உங்களுடையதாக இல்லை.

தங்களிடம் மெயில் வைத்திருக்கும் டொமைன்கள் சொந்தப் பெயரில் கையெழுத்திடும் வசதியை கூகுள் 2011 ஜனவரியிலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது. நீங்கள் உள்ளே போய் அதை இயக்கினால்தான் அது வேலை செய்யும்.

என் மெயிலில் யார் கையெழுத்து இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் டொமைன் முகவரியிலிருந்து ஒரு சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் 'சைன்டு-பை' என்று ஒரு வரி வரும். அங்கே உங்கள் டொமைன் இருந்தால் சரி.

இன்னும் ஆழமாகப் பார்க்க, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். டிகேஐஎம்-சிக்னேச்சர் என்று தொடங்கும் ஹெடரில் கசகசவென்று எழுத்துகள் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. 'ஏ=' என்பது கணக்கு முறை, பெரும்பாலும் ஆர்எஸ்ஏ-எஸ்எச்ஏ256. 'டி=' என்பது கையெழுத்திட்ட டொமைன். 'எஸ்=' என்பது செலக்டர், அதாவது எந்தச் சாவி என்பதைச் சொல்லும் பெயர். 'எச்=' என்பதில் எந்தெந்த ஹெடர்கள் கையெழுத்துக்குள் அடங்கும் என்ற பட்டியல். 'பிஎச்=' உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி. கடைசியில் 'பி=' என்று நீளமாக வருவதுதான் கையெழுத்து.

'டி=எக்ஸாம்பிள்.காம்; எஸ்=கூகுள்' என்று இருந்தால், பெறும் சர்வர் 'கூகுள்._டொமைன்கீ.எக்ஸாம்பிள்.காம்' என்ற பெயரை டிஎன்எஸ்ஸில் தேடி, அங்கே இருக்கும் பொதுச்சாவியை எடுத்துக்கொள்ளும். நீங்கள் முதலில் கண் வைக்க வேண்டியது 'டி=' மேல்.

எப்படி இயக்குவது?

எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான்: சேவையிடம் சாவி கேட்க வேண்டும், பொதுச்சாவியை டிஎன்எஸ்ஸில் போட வேண்டும், பிறகு திரும்பி வந்து 'இனி கையெழுத்துப் போடு' என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றாவதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கூகுளில், அட்மின் கன்சோலில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் 'ஆதென்டிகேட் இமெயில்' என்ற பக்கம் இருக்கிறது. அங்கே புது ரெக்கார்டு உருவாக்கி, கிடைக்கும் பெயரையும் மதிப்பையும் டிஎக்ஸ்டி ரெக்கார்டாக (வெறும் எழுத்தை வைக்கும் வகை) டிஎன்எஸ்ஸில் சேர்த்துவிட்டு, அதே பக்கத்துக்கு வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' அழுத்த வேண்டும். புதிதாகத் தொடங்கிய கணக்கு என்றால் சாவி உருவாக்கவே 24 முதல் 72 மணி நேரம் காத்திருக்கச் சொல்லலாம்.

மைக்ரோசாஃப்ட் 365 சாவியை உங்கள் கையில் தருவதில்லை. செலக்டர்1, செலக்டர்2 என்று இரண்டு சிநேம் ரெக்கார்டு போடச் சொல்லும். அவை மைக்ரோசாஃப்டின் பக்கம் கை காட்டும். நாளைக்கு அவர்கள் சாவியை மாற்றினாலும் நீங்கள் டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டாம். எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடிக்கும். உங்கள் டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேரில் இருந்தால், அந்தச் சிநேம்களுக்கு எதிரே ஆரஞ்சு மேகம் இருக்கக் கூடாது, சாம்பல் நிறமாக்கிவிடுங்கள்.

சிபேனல் ஹோஸ்டிங்கில் 'இமெயில் டெலிவரபிலிட்டி' பக்கம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் நேம்சர்வர், அதாவது உங்கள் டிஎன்எஸ்ஸை வெளியுலகத்துக்குச் சொல்லும் சர்வர், வேறு இடத்தில் இருந்தால், சிபேனலுக்குள் ரெக்கார்டு அழகாகத் தெரியும், வெளியுலகத்துக்குத் தெரியாது. நேம்சர்வர் எங்கே இருக்கிறதோ அங்கே அதை நகலெடுத்துப் போட வேண்டும்.

ரெக்கார்டு போட்டு இரண்டு நாளாகிறது. இன்னும் 'கிடைக்கவில்லை' என்கிறதே?

போன மாதம் ஒரு அச்சகத்துக்காரர் இதே புகாரோடு வந்தார். 'டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும்னு சொன்னாங்க, காத்திருக்கேன்' என்றார். அவர் வருடக்கணக்கில் காத்திருந்தாலும் வந்திருக்காது. பெயர் என்ற கட்டத்தில் 'கூகுள்._டொமைன்கீ.எக்ஸாம்பிள்.காம்' என்று முழுசாக ஒட்டியிருந்தார். அவருடைய டிஎன்எஸ் பேனலோ எதைப் போட்டாலும் கடைசியில் டொமைனைத் தானே சேர்த்துக்கொள்ளும் வகை. ஆகமொத்தம், ரெக்கார்டு '...எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம்' என்ற பெயரில், யாருமே தேடி வராத ஒரு சந்தில் உட்கார்ந்திருந்தது. 'கூகுள்._டொமைன்கீ' என்று மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழித்தோம். டீ வருவதற்குள் சரியாகிவிட்டது.

அடுத்த சந்தேகம் நீளத்தின்மேல். டிஎக்ஸ்டி ரெக்கார்டில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்டக் கூடாது. 2048 பிட் பொதுச்சாவியோ கிட்டத்தட்ட 400 எழுத்து. நல்ல பேனல் தானே இரண்டாக வெட்டிக்கொள்ளும். பழைய பேனல் சத்தமில்லாமல் 255-இல் நறுக்கிவிடும், அல்லது ஏற்க மறுக்கும். அப்போது மேற்கோள்குறிக்குள் அடைத்த இரண்டு துண்டுகளாக நீங்களே பிரித்துப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த சாவியை ஒட்டினால் நடுவில் இடைவெளியோ வளைந்த மேற்கோள்குறியோ நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எழுத்து போனாலும் சாவி போச்சு.

1024 பிட்டா, 2048 பிட்டா?

2048. பிட் என்பது சாவியின் நீளம்; நீளமான சாவியை உடைப்பது கடினம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனால் ஏன் என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது.

2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த கணிதவியலாளர் சக்கரி ஹாரிஸுக்கு கூகுளில் வேலை இருப்பதாக ஒரு மெயில் வந்தது. போலியோ என்று சந்தேகப்பட்டு ஹெடரைப் பார்த்தவர், கூகுளின் டிகேஐஎம் சாவி வெறும் 512 பிட் என்பதைக் கவனித்தார். 'நம்மைச் சோதிக்கத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டார். அமேசானில் கணினியை வாடகைக்கு எடுத்தால் அந்தச் சாவியை சுமார் 72 மணி நேரத்தில், 75 டாலர் செலவில் உடைக்கலாம் என்பது பின்னால் அவர் சொன்ன கணக்கு. உடைத்தும் விட்டார். கூகுள் நிறுவனர்களில் ஒருவர் மற்றவருக்கு எழுதியதுபோல ஒரு மெயில் அனுப்பினார். பதில் வரவில்லை. இரண்டு நாளில் கூகுளின் சாவி மட்டும் 2048 பிட்டாக மாறியிருந்தது. அது தேர்வும் இல்லை ஒன்றும் இல்லை, நிஜமான ஓட்டை. தேடிப் பார்த்ததில் பல பெரிய நிறுவனங்களிடமும் இப்படிக் குட்டைச் சாவிகள் இருந்தன. 2012 அக்டோபரில் இது செய்தியானது.

2018-இல் வந்த ஆர்எஃப்சி 8301-இன்படி 1024 பிட்டுக்குக் குறைந்த சாவியைச் செல்லாது என்றே கொள்ள வேண்டும். கையெழுத்திடுகிறவர்கள் 2048 வைத்திருப்பதே நல்லது என்றும் அது சொல்கிறது. டிஎன்எஸ் பேனல் நீளத்தை ஏற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் 1024 போட்டுத் தொடங்குங்கள், அப்புறம் பேனலை மாற்றுங்கள்.

எஸ்பிஎஃப் ஏற்கெனவே வைத்திருக்கிறேன். இதுவும் வேண்டுமா?

வேண்டும். எந்த சர்வரிலிருந்து உங்கள் மெயில் வரலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். அதுவும் கண்ணுக்குத் தெரியும் 'ஃப்ரம்' வரியைப் பார்ப்பதில்லை, உறைமேல் உள்ள முகவரி மாதிரியான 'ரிட்டர்ன்-பாத்' டொமைனைத்தான் பார்க்கும். உங்கள் வாடிக்கையாளர் தன் பழைய கல்லூரி முகவரிக்கு வரும் மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார் என்று வையுங்கள். கடைசிக் கட்டத்தில் மெயில் கல்லூரி சர்வரிலிருந்து வருகிறது. எஸ்பிஎஃப் அங்கேயே உடையும். டிகேஐஎம் கையெழுத்து மெயிலுக்குள்ளேயே பயணிப்பதால், வழியில் யாரும் உள்ளடக்கத்தைத் தொடாதவரை தாங்கும்.

இன்னொரு வசதி. எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், அதற்குள் 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் கூடாது. டிகேஐஎம்மில் ஒவ்வொரு சேவைக்கும் தனிச் செலக்டர். அலுவலக மெயிலுக்கு ஒன்று, பில் அனுப்பும் மென்பொருளுக்கு ஒன்று, செய்திமடலுக்கு ஒன்று என்று எத்தனை வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.

டிமார்க் எதற்கு?

டிகேஐஎம் தனியாக யாரையும் தடுக்காது. உங்கள் பெயரில் ஒருவன் கையெழுத்தே இல்லாமல் அனுப்பினால், கையெழுத்து இருந்திருக்க வேண்டும் என்று பெறுகிறவருக்கு எப்படித் தெரியும்? 2008-இல் ஈபே, பேபால் இரண்டும் ஜிமெயிலோடு தனியாகப் பேசி, 'எங்கள் பெயரில் கையெழுத்தில்லாமல் எது வந்தாலும் தூக்கி எறியுங்கள்' என்று ஏற்பாடு செய்துகொண்டன. நீங்களும் நானும் ஒவ்வொரு மெயில் நிறுவனத்திடமும் போய் அப்படிப் பேச முடியாது. அந்தப் பேச்சை ஒரு டிஎன்எஸ் ரெக்கார்டாக மாற்றியதுதான் டிமார்க்.

'ஃப்ரம்' வரியில் உள்ள டொமைனும், கையெழுத்தில் 'டி=' காட்டும் டொமைனும் பொருந்துகிறதா என்று டிமார்க் பார்க்கும். அல்லது எஸ்பிஎஃப் தேறிய டொமைன் பொருந்தினாலும் போதும். கூகுளின் பெயரில் போட்ட கையெழுத்து இங்கே செல்லாக்காசு. முதலில் 'பி=நன்' (தேறாத மெயிலை ஒன்றும் செய்யாதே; இந்த 'பி' ஆங்கிலத்தில் p, கையெழுத்தில் பார்த்த b அல்ல) என்று வைத்து, பெறும் சர்வர்களிடமிருந்து வருகிற அறிக்கைகளைச் சில வாரம் படியுங்கள். நீங்கள் மறந்தே போன ஏதாவது ஒரு சேவை உங்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருப்பது அதில்தான் தெரியவரும். அதையெல்லாம் சரிசெய்த பிறகே 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு), அப்புறம் 'ரிஜெக்ட்' (ஏற்காதே). முதல் நாளே 'ரிஜெக்ட்' போட்டுவிட்டு, வாடிக்கையாளருக்கு பில் போகவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் 'பாஸ்'. ஆனாலும் ஸ்பேமில் விழுகிறதே?

விழலாம். கையெழுத்து இன்னார் அனுப்பியது என்று மட்டுமே சொல்லும். அந்த இன்னார் நல்லவரா என்பதைப் பெறும் சேவை தன் அனுபவத்தில் முடிவு செய்கிறது. ஸ்பேம் அனுப்புகிறவனும் டொமைன் வாங்கி ஒழுங்காகக் கையெழுத்திடலாம், இடவும் செய்கிறான். நேற்று வாங்கிய டொமைனிலிருந்து இன்று 3000 பேருக்கு விளம்பரம் அனுப்பினால் எந்தக் கையெழுத்தும் காப்பாற்றாது.

ஆனால் கையெழுத்து இல்லாமல் இனி காலம் தள்ள முடியாது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு எவர் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 மெயிலோ அதற்கு மேலோ அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க் வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. யாஹூவும் அதே சமயத்தில் இதுபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. அவுட்லுக்.காம் 2025 மே முதல் இதே பாதையில்.

இணையதளத்தின் 'தொடர்புகொள்ள' படிவத்திலிருந்து வரும் மெயில் மட்டும் ஃபெயில் ஆகிறது. ஏன்?

அந்த மெயில் உங்கள் மெயில் சேவை வழியாக வருவதே இல்லை. இணையதளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர், பிஎச்பி மூலம் நேரடியாக அனுப்புகிறது. உங்கள் ரகசியச் சாவி அதனிடம் கிடையாது. வேர்ட்பிரஸ் என்றால் ஒரு எஸ்எம்டிபி ப்ளக்-இன் போட்டு, உங்கள் மெயில் கணக்கு வழியாகவே அனுப்பச் செய்யுங்கள். படிவத்தை நிரப்பியவரின் முகவரியை 'ஃப்ரம்' வரியில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதற்கு 'ரிப்ளை-டு' இருக்கிறது.

'பாடி ஹேஷ் டிட் நாட் வெரிஃபை' என்று வருகிறது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

அநேகமாக இல்லை. கையெழுத்துக்குப் பிறகு உள்ளடக்கத்தில் எதுவோ மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 'இந்த மெயில் ரகசியமானது, தவறுதலாகப் பெற்றிருந்தால் அழித்துவிடவும்' என்று அலுவலக கேட்வே கடைசியில் ஒட்டும் அந்த யாரும் படிக்காத பத்தி, வைரஸ் ஸ்கேனர் சேர்க்கும் ஒரு வரி, குழு மெயில் முகவரி கடைசியில் சேர்க்கும் அடிக்குறிப்பு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஒட்டுவதை ஒட்டி முடித்த பிறகு, கடைசியாகக் கையெழுத்திடும்படி வரிசையை மாற்றுங்கள்.

சாவியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றச் சொல்வேன். புதுச் செலக்டர் பெயரில் புதுச் சாவியைப் போடுங்கள், அது வெளியே தெரிகிறதா என்று பாருங்கள், பிறகு கையெழுத்தை அதற்கு மாற்றுங்கள். பழைய ரெக்கார்டை ஒரு வாரமாவது விட்டுவையுங்கள், வழியில் காத்திருக்கும் மெயில்களுக்காக. அதன் பிறகு எடுத்துவிடலாம்.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. 2016-இல், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் மெயில்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது, அவற்றில் பலவற்றின் டிகேஐஎம் கையெழுத்தை வெளியாட்களே சோதித்து, அவை திருத்தப்படாதவை என்று காட்டினார்கள். மெயில் வழியில் இருக்கும் சில நிமிடங்களுக்காகப் போட்ட கையெழுத்து, வருடங்கள் கழித்துச் சாட்சி சொன்னது. இதனால்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் குறியாக்கவியல் பேராசிரியர் மேத்யூ கிரீன் 2020-இல், பழைய ரகசியச் சாவிகளை மாற்றிய பிறகு கூகுள் வெளியிட்டுவிட வேண்டும் என்று எழுதினார். அப்போது யார் வேண்டுமானாலும் பழைய கையெழுத்தைப் போலி செய்யலாம், ஆகவே அது ஆதாரமாகாது என்பது அவர் வாதம். விசித்திரமாகத் தோன்றினாலும் கணக்கு சரிதான். கடைக்காரர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். பத்திரிகையாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

மெயில் சேவையை மாற்றினால், அல்லது வெப்சைட் செய்துகொடுத்தவர் விலகிப்போனால் என்ன செய்வது?

சேவை மாறினால், பழைய சேவையின் டிகேஐஎம் ரெக்கார்டை அன்றைக்கே அழிக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறக்காமல் அழியுங்கள், ஏனென்றால் அதற்கான ரகசியச் சாவி இன்னும் அவர்களிடம் இருக்கிறது.

ஆள் விலகிப்போவதுதான் பெரிய விஷயம். உங்கள் டிஎன்எஸ்ஸில் எழுத முடிகிற எவரும் தன் சாவி ஒன்றை அங்கே போட்டு, உங்கள் பெயரில் குறையே சொல்ல முடியாத கையெழுத்தோடு மெயில் அனுப்ப முடியும். டிமார்க்கும் அதை 'பாஸ்' என்றே சொல்லும். ஆகவே டொமைன் வாங்கிய கணக்கும் டிஎன்எஸ் கணக்கும் உங்கள் மெயில் முகவரியில், உங்கள் ஃபோனுக்கு ஓடிபி வரும்படி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிறகு டிஎன்எஸ் பட்டியலில் '_டொமைன்கீ' என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது எந்தச் சேவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். எழுதத் தெரியாமல் ஒரு வரி மிஞ்சினால், முதல் ஃபோனை அந்தப் பழைய ஆளுக்குப் போடுங்கள்.